வீட்டுச் சோப்பு: குடும்பம் கூடும் நாளிலிருந்து விற்பனை வரை

குடும்பம் ஒன்றுகூடும் நாளில் வருகிற ஒவ்வொருவர் கையிலும் சொந்தமாகச் செய்த சோப்புக் கட்டி ஒன்றைக் கொடுத்தனுப்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள், அந்த நாளிலிருந்து எட்டு வாரங்களைப் பின்னோக்கி எண்ணிக் குறித்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். ஊற்றுவதற்கு ஒரு நாள், வெட்டுவதற்கு மறுநாள், ஆறப்போட ஆறு வாரம், சுற்றிக் கட்டச் சில நாள், முதல் முறை கெட்டுப்போனால் மறுபடி செய்ய ஒரு வாரம் என்று கணக்கு அப்படித்தான் வருகிறது. இந்தக் கணக்கைப் போடாமல், இரண்டே வாரம் ஆறிய கட்டிகளை அழகாகச் சுற்றி உறவினர்களுக்குக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. பார்வைக்கு அவற்றில் ஒரு குறையும் இல்லை. குளியலறைக்குப் போன நான்காம் நாளே குழைந்து கூழாகிவிட்டன. அதை வாய் திறந்து சொன்னவர் என் அத்தை ஒருவர் மட்டுமே. மற்ற எல்லோரும் மிக நன்றாக இருந்ததாகவே சொன்னார்கள். அந்தப் பாராட்டை நம்பி அப்போதே விற்பனையில் இறங்கியிருந்தால், முதல் மாதத்திலேயே வாங்கியவர்களை இழந்திருப்பேன்.

ஆகவே இந்த வழிகாட்டியில் மூன்று வேலைகளைச் சேர்த்தே சொல்கிறேன்: சோப்புச் செய்வது, குடும்பக் கூடலை அதற்குப் பயன்படுத்திக்கொள்வது, பிறகு அதைச் சிறு தொழிலாக நடத்துவது. மூன்றிலும் தேவைப்படுவது தராசும் கடிகாரமும்தான். கைவண்ணம் அவற்றுக்கு அப்புறம்.

எடையில் தொடங்குவது

எண்ணெயும் காரமும் சேர்ந்து வேதிவினை புரிந்து சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறுகின்றன. கட்டிச் சோப்புக்குக் காரமாகப் பயன்படுவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. ஒவ்வோர் எண்ணெய்க்கும் அது எவ்வளவு காரத்தை ஏற்கும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஆலிவ் எண்ணெய்க்கு 0.134 கிராமும் விளக்கெண்ணெய்க்கு 0.128 கிராமும் போதும். கொழுப்பு என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் 1823இல் விரிவாக விளக்கிக் காட்டினார். அதற்கு முன் பல தலைமுறையினர் மரச்சாம்பலில் இருந்து வடித்த கார நீரின் வலிமையை அனுமானித்தே சோப்புச் செய்தனர். அவர்களுக்குச் சில நேரம் தோலை எரிக்கும் சோப்பும் சில நேரம் எண்ணெய்ப் பிசுக்கும் கிடைத்தன. நமக்கு அனுமானம் தேவையில்லை. பெருக்கிக் கூட்டினால் போதும்.

தொடங்குகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1,000 கிராம் எண்ணெய் கொண்ட ஓர் அளவு: ஆலிவ் எண்ணெய் 650 கிராம், தேங்காய் எண்ணெய் 300 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம். மேற்சொன்ன எண்களால் பெருக்கினால் முறையே 87.1, 54.9, 6.4 என்று வந்து மொத்தம் 148.4 கிராம் காஸ்டிக் சோடா ஆகிறது. அந்த அளவை அப்படியே போடக் கூடாது. அதில் 5 சதவீதத்தைக் குறைத்து 141 கிராம் மட்டும் எடுத்தால், கொஞ்சம் எண்ணெய் சோப்பாக மாறாமல் கட்டிக்குள்ளேயே தங்கித் தோலுக்கு மென்மையைத் தருவதோடு, எண்ணில் ஏற்படும் சிறு பிழைக்கும் இடம் கொடுக்கும். தண்ணீர் காரத்தின் எடையைப் போல இரு மடங்கு, அதாவது 282 கிராம்; குழாய் நீரைவிடக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. தேங்காய் எண்ணெய் நுரையையும் கடினத்தையும் தருகிறது, ஆனால் அளவு மிகுந்தால் தோலை வறட்டிவிடும். ஆலிவ் எண்ணெய் மென்மையானது, நுரை குறைவு. விளக்கெண்ணெய் அந்த நுரையை நிலைத்து நிற்கச் செய்கிறது. அதைக் கூட்டினால் கட்டி பிசுபிசுக்கும்.

எல்லாவற்றையும், தண்ணீர் உட்பட, எடையாகவே அளக்க வேண்டும். கரண்டிக் கணக்கும் குவளைக் கணக்கும் இங்கே ஆகாது. ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு போதுமானது. ஆனால் சில தராசுகள் சற்று நேரம் தொடாமல் இருந்தால் தாமாக அணைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். காரத்தைப் பாதி கொட்டியபோது என் தராசு அணைந்துவிட்டது. மீதியை நினைவிலிருந்து கூட்டிப் போட்டேன். மறுநாள் கட்டியின் மேல் வெள்ளைப் பொடி பூத்து, வெட்டிய இடத்தில் நீர்த்துளிகள் கசிந்தன. பன்னிரண்டு கட்டிகளும் வீணாயின. ஐயம் வந்தால் கொட்டியதைத் திரும்ப முதலிலிருந்து நிறுக்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன்.

காரத்தைக் கையாளும் நேரம்

காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் கடுமையாகப் புண்ணாக்கும். கண்ணை மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை ஆகியவை இல்லாமல் டப்பாவைத் திறக்கக் கூடாது. குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் அந்த அறையில் இருக்கக் கூடாது. துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரமோ, அடியில் 5 என்ற எண்ணிட்ட பாலிபுரொப்பிலீன் பாத்திரமோ எடுத்துக்கொள்ளுங்கள். அலுமினியம் காரத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் என்பதால் அலுமினியக் கரண்டிகூட ஆகாது. கண்ணாடிப் பாத்திரம் பலமுறை பயன்பட்ட பிறகு எதிர்பாராமல் விரிசல் விடக்கூடும்.

எப்போதும் தண்ணீரில்தான் காரத்தைச் சிறிது சிறிதாகத் தூவ வேண்டும். காரத்தின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெப்பம் ஒரே இடத்தில் திரண்டு கொதித்துத் தெறிக்கும். சரியாகச் செய்தாலும் கரைசல் சில நிமிடங்களில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடேறி, மூக்கை அரிக்கும் ஆவியைக் கிளப்பும். ஆகவே சன்னலைத் திறந்துவைத்து, முகத்தைத் தள்ளிவைத்துக் கலக்குங்கள். தோலில் பட்டுவிட்டால் வினிகரைத் தேடி ஓடாமல், ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கரைசலும் எண்ணெய்க் கலவையும் 35 முதல் 45 டிகிரி அளவுக்கு ஆறியதும், கரைசலை எண்ணெயில் மெதுவாக ஊற்றிக் கை பிளெண்டரால் சில நொடி சுழற்றுவதும், நிறுத்திவிட்டு அதையே கரண்டியாக்கிக் கிளறுவதுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். முதலில் மேலே எண்ணெய் வரிவரியாக மிதக்கும். பிறகு நிறம் வெளுத்து ஒரே சீராகும். அதற்குப் பின் கலவை கனக்கத் தொடங்கும். பிளெண்டரைத் தூக்கிக் கலவையின் மேல் சொட்டவிட்டால், சொட்டு உடனே மூழ்காமல் ஒரு கணம் கோடாக மேலே நிற்கும். சோப்புச் செய்கிறவர்கள் ட்ரேஸ் என்று சொல்லும் பதம் இதுதான். மெல்லிய பதத்தில் நிறமும் மணமும் சேர்த்து உடனே அச்சில் ஊற்றிவிடலாம். இன்னும் கொஞ்சம் சுழற்றலாம் என்று தோன்றும்போது நிறுத்துவது நல்லது, ஏனென்றால் களிம்புபோல் ஆன கலவை அச்சின் மூலைகளில் இறங்காமல் காற்றுக்குழிகளை விட்டுவிடும். மண எண்ணெயை எண்ணெய்களின் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் போட வேண்டாம். கிராம்பு எண்ணெய் போன்றவற்றை அதைவிடவும் மிகக் குறைவாகவே சேர்க்க வேண்டும், அவை தோலை உறுத்துவதோடு கலவையை நொடிகளில் இறுக்கியும் விடும். வனிலின் (வனிலா மணம் தரும் பொருள்) உள்ள மணங்கள் கட்டியைப் பழுப்பாக்கும். அழகுக்காக உள்ளே போடும் பூவிதழ்களும் பெரும்பாலும் காரத்தில் கருத்துப்போகும். படங்களில் பார்த்து மயங்க வேண்டாம்.

அச்சில் ஒரு நாள் அல்லது இரண்டு நாள் இருந்த பிறகு, கையுறை அணிந்தே எடுத்து வெட்டுங்கள். மேற்சொன்ன அளவு பன்னிரண்டு கட்டிகளைத் தரும். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டாமல் காற்றோட்டமான தட்டில் அடுக்கி, வாரம் ஒருமுறை திருப்பிவைத்து, நான்கிலிருந்து ஆறு வாரம் ஆறவிட வேண்டும். வினை முதல் சில நாள்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆறப்போடுவது தண்ணீர் வெளியேறிக் கட்டி இறுகுவதற்காக. ஊற்றிய நாளில் ஏறத்தாழ 118 கிராம் இருக்கும் கட்டி 100 கிராமை ஒட்டி வந்து நிற்கும். வாரந்தோறும் ஒரே கட்டியை நிறுத்து எழுதிவந்தால், எடை குறைவது நின்ற வாரம் தெரியும். அதுதான் கொடுப்பதற்கு உரிய நாள். காரத்தன்மையை எண்ணாகக் காட்டும் pH சோதனைத் தாளை ஈரக்கட்டியில் ஒட்டிப் பார்த்தால் 9 அல்லது 10 காட்டுவது இயல்பு. சோப்பு எப்போதும் காரத்தன்மை உடையதே. அதைவிட மேலே போனால், ஒரே முறையில் ஊற்றிய அந்தத் தொகுதி முழுவதையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

குடும்பம் கூடும் நாளில்

காரத்தோடு செய்யும் வேலையைக் கூடலில் செய்ய நினைப்பது பெரிய தவறு. கூட்டம், பேச்சு, ஓடியாடும் குழந்தைகள் ஆகிய மூன்றும் அந்த வேலைக்கு எதிரிகள். அன்றைக்கு ஏற்றது உருக்கி ஊற்றும் சோப்பு அடிக்கட்டி. வேதிவினை முன்பே முடிந்த பொருள் என்பதால், சிறு துண்டுகளாக நறுக்கி, வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, நிறம் சேர்த்துச் சிலிக்கான் அச்சுகளில் ஊற்றினால் ஓரிரு மணி நேரத்தில் கட்டி தயாராகிவிடும். நறுக்குவதும் நிறம் தேர்ந்தெடுப்பதும் குழந்தைகள் வேலை. உருக்குவதும் ஊற்றுவதும் பெரியவர்கள் வேலை. இதில் கிளிசரின் மிகுதி என்பதால் காற்றின் ஈரத்தை இழுத்து மேலே வியர்க்கும். ஆறியவுடன் இறுக்கமாகச் சுற்றிவிட்டால், வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் பிசுபிசுக்காது.

பெரியவர்களுக்கு வேறு வேலை வைத்திருங்கள்: ஆறு வாரம் ஆறிய கட்டிகளுக்குத் தாள் சுற்றுவது. ஒருவர் தாளை வெட்ட, ஒருவர் சுற்ற, ஒருவர் சீட்டு ஒட்ட, ஒருவர் எண்ணி அடுக்க என்று வரிசையாக உட்கார்ந்தால் பேச்சும் தடைபடாது, கையும் ஓயாது. மேசையின் ஒரு மூலையில் கடிகாரத்தை வைத்து, எத்தனை நிமிடத்தில் எத்தனை கட்டி முடிந்தது என்று யாரையாவது எழுதச் சொல்லுங்கள். விளையாட்டுப்போல் தோன்றினாலும், விலை வைக்கும் நாளில் அந்தத் தாளைத்தான் முதலில் தேடுவீர்கள்.

அன்று கொடுக்கும் கட்டிகளில் பெயரோ மணத்தின் விவரமோ எழுதாமல் 1, 2, 3 என்று எண் மட்டும் இட்டு, யாருக்கு எது என்று குறித்துக்கொண்டு கொடுக்க வேண்டும். கருத்தை அங்கேயே கேட்கக் கூடாது. முகத்துக்கு நேரே சொந்தக்காரர்கள் குறை சொல்ல மாட்டார்கள். அது அவர்களுடைய அன்பு, ஆனால் நமக்குப் பயன்படாத அன்பு. நான்கு வாரம் கழித்துக் கேளுங்கள், அதுவும் பிடித்ததா என்று கேட்காதீர்கள். கட்டி இன்னும் இருக்கிறதா, எத்தனை நாளில் தீர்ந்தது, வீட்டில் எத்தனை பேர் பயன்படுத்தினார்கள், பிறகு எந்தச் சோப்புக்குத் திரும்பினார்கள் என்று நடந்ததை மட்டும் கேட்டால் உண்மை தானாக வெளிவரும். தொடாமல் அலமாரியில் வைத்திருக்கிறோம் என்று ஐந்து பேர் சொன்னால், உங்கள் சோப்பு பார்க்க அழகானது என்றும், தாமாக அதை எடுத்துக் குளிக்கத் தோன்றவில்லை என்றும் பொருள்.

விலை வைப்பது

பொருள் செலவைக் கணக்கிடுவது எளிது. எண்ணெய், காரம், மணம், தாள், சீட்டு, வீணாகும் பங்கு ஆகியவற்றைக் கூட்டிக் கட்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வந்துவிடும். நேரத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். என் குறிப்பேட்டில் உள்ள ஒரு தொகுதியை அப்படியே தருகிறேன்: நிறுத்துக் கலக்கி ஊற்ற 75 நிமிடம், கழுவித் துடைக்க 30, வெட்ட 15, ஆறு வாரமும் திருப்பிவைக்க 12, கட்டிக்கு நான்கு நிமிடம் வீதம் பன்னிரண்டு கட்டிகளைச் சுற்ற 48. மொத்தம் 180 நிமிடம். கட்டி ஒன்றுக்குக் கால் மணி நேரம். அதையே இருபத்துநான்கு கட்டிகளாகச் செய்தபோது கலக்க 90, கழுவ 30, வெட்ட 25, திருப்ப 15 நிமிடங்கள்தான் ஆயின. ஆனால் சுற்றுவதற்கு 96 நிமிடம் போனது. முழுத்தாளை விட்டுவிட்டு இடுப்பில் பட்டை மட்டும் சுற்றும் முறைக்கு மாறிய பின், கட்டிக்கு ஒன்றரை நிமிடம் என்று 36 நிமிடத்தில் முடிந்தது. இப்போது கட்டி ஒன்றுக்கு எட்டு நிமிடம் சொச்சம். எண்ணெயில் பேரம் பேசி மிச்சப்படுத்தியதைவிடத் தாளை மாற்றியதில் எனக்கு மிச்சமானது அதிகம்.

உங்கள் ஒரு மணி நேரத்துக்கு நீங்கள் வேறு இடத்தில் என்ன பெறுவீர்களோ அதை ஒட்டிக் கூலி வைத்து, பொருள் செலவோடு சேர்த்து, சந்தைக் கட்டணம், அனுப்பும் செலவு, விற்காமல் போவது ஆகியவற்றின் பங்கையும் கூட்டுங்கள். அடக்கத்தைப் போல் இரு மடங்கைக் கடைக்காரர்களுக்கு மொத்தமாக விற்கும் மொத்த விலையாகவும், அதைப் போல் இரு மடங்கைச் சில்லறை விலையாகவும் வைப்பது கைவினைஞர்களிடையே பரவலான வழக்கம். அதைச் சட்டமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் மொத்த விலைக்கு இடமில்லாமல் சில்லறை விலையைத் தாழ்த்தி வைத்துவிட்டால், ஒரு கடைக்காரர் ஐம்பது கட்டி கேட்கும் நாளில் மறுக்க வேண்டி வரும். உதவிய வீட்டாரின் நேரத்தையும், கூலி கொடுக்காவிட்டாலும், கணக்கில் எழுதியே ஆக வேண்டும். இல்லையென்றால் தங்கைக்குத் தேர்வு வந்த மாதத்தில்தான், தொழிலின் லாபம் என்று நினைத்தது உண்மையில் அவளுடைய உழைப்பு என்பது தெரியவரும்.

உறவினர்களுக்கு விற்பதில் ஒரே விதி வைத்து அதை எல்லோருக்கும் பொருத்துங்கள்: கூடலில் கொடுப்பது அன்பளிப்பு, அதற்கு விலை கிடையாது, கேட்டு வாங்குவதற்கு இவ்வளவு சதவீதம் தள்ளுபடி, அதற்கு மேல் யாருக்கும் இல்லை. விழாவுக்காக மொத்தமாகக் கேட்பவர்கள் எட்டு வாரத்துக்கு முன்பே சொல்ல வேண்டும், பாதித் தொகையை முன்பணமாகத் தர வேண்டும் என்பதை எழுதியே அனுப்பிவிடுங்கள். பெரியப்பாவிடம் முன்பணம் கேட்பது சங்கடம்தான். கடைசி வாரத்தில் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தார் என்று மனம் கசந்து நிற்பதைவிட அது சிறிய சங்கடம்.

சீட்டில் எழுதுவதும் எழுதாததும்

நிகர எடை, செய்த நாள், தொகுதி எண், தொடர்புகொள்ளும் முகவரி, அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்திய சேர்மானப் பட்டியல் ஆகியவை சீட்டில் இருக்க வேண்டும். எடையை ஆறிய பிறகே நிறுத்து எழுத வேண்டும். ஊற்றிய நாளின் எடையை எழுதினால் வாங்கியவரை ஏமாற்றியதாகும். சொறி, படை, முகப்பரு ஆகியவை தீரும் என்று எழுதாதீர்கள். நோய் தீர்க்கும் என்று சொன்ன நொடியில் அந்தக் கட்டி பல நாட்டுச் சட்டங்களில் மருந்தாகிவிடுகிறது. அமெரிக்காவில் எண்ணெயும் காரமும் சேர்ந்த சோப்பை அழுக்குப் போக்க மட்டும் என்று விற்றால் அது அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுவதில்லை. ஈரப்பதம் தரும் என்றால் அழகுசாதனப் பொருள், நோய் தீர்க்கும் என்றால் மருந்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1223/2009 எண் ஒழுங்குமுறையின்படி சோப்பும் அழகுசாதனப் பொருளே. விற்கும் முன் தகுதியுடையவரின் பாதுகாப்பு மதிப்பீடு வேண்டும். விதிகள் நாட்டுக்கு நாடு மாறுவதால், முதல் கட்டியை விற்பதற்கு முன் உங்கள் நாட்டு விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தொகுதி எண்ணை ஒரு குறிப்பேட்டோடு இணைக்க வேண்டும். எந்தெந்த எண்ணெய், எந்த நாளில் வாங்கியது, எத்தனை கிராம், கலக்கும்போது வெப்பநிலை, பதம் வந்த நேரம் ஆகியவற்றை ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு பக்கமாக எழுதுங்கள். யாராவது அரிப்பு ஏற்பட்டதாகச் சொன்னால், எண்ணைக் கேட்டுப் பக்கத்தைத் திறந்து, அதே தொகுதியில் மீதமுள்ளவற்றை நிறுத்திவைக்க இது ஒன்றே வழி. ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு கட்டியை விற்காமல், எண் ஒட்டித் தனித் தட்டில் வைத்திருங்கள். எண்ணெய் கெட்டுக் காறத் தொடங்கினால் கட்டியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் தோன்றும், வாடை மாறும். எத்தனையாவது மாதத்தில் அவை வந்தன என்பதைப் பார்த்து, இத்தனை மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்ற எண்ணிக்கையை அதற்கும் குறைவாகச் சீட்டில் எழுதிக்கொள்ளலாம்.